உங்களுக்குத் தெரியுமா? தேன் புளித்த கதை

தேன்நெல்லி ஜாடியின் மூடியைத் திருகும்போது ‘புஸ்’ என்று சத்தம் வருகிறதா? மேலே வெள்ளை நுரை, நெல்லிக்காயைச் சுற்றி ஊசிமுனை அளவில் குமிழிகள், லேசாகக் கள் வாடை? பயப்பட வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். மனிதன் குடித்த மிகப் பழைய மதுவகைகளில் ஒன்று உங்கள் அடுப்படியில் தானாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. தேனில் தண்ணீர் சேர்த்துப் புளிக்கவைப்பதை மேல்நாட்டில் ‘மீட்’ என்பார்கள். பழமும் சேர்ந்தால் ‘மெலோமெல்’. சேலம் கோரிமேடு தாண்டி, ஏற்காட்டு அடிவாரம் போகிற வழியில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி மாதிரி ஊர்களில் மலைத்தேனுக்கும் நெல்லிக்காய்க்கும் பஞ்சமில்லை. இங்கே முதன்முதலாகப் பழத்தேன் மது செய்கிறவர், செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்வதில்லை. மருந்துக்கு என்று ஊறப்போட்டது மதுவாகிவிடுகிறது.

★

நல்ல தேன் தானாகப் புளிக்காது. அதில் கிட்டத்தட்ட 80 சதவீதம் சர்க்கரை; தண்ணீர் 17 முதல் 20 சதவீதம்தான். அந்த அடர்த்தியில் விழுகிற ஈஸ்ட், தன் உடம்பு நீரையே தேனுக்குப் பறிகொடுத்துவிட்டு முடங்கிக் கிடக்கும். சாகாது, முடங்கும். நெல்லிக்காயிலோ 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தேன் அதை உறிஞ்சுகிறது. காய் சுருங்குகிறது, தேன் இளகுகிறது, ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது. ‘நெல்லிக்காய்தான் அவ்வளவு புளிப்பாச்சே, கெடாது’ என்பார்கள். புளிப்புக்குப் பயப்படுவது பெரும்பாலான பாக்டீரியாக்கள்தான். ஈஸ்ட்டுக்கு அது வசதி.

★

நுரைக்காமல் இருக்க என்ன வழி? காயை ஆவியில் வேகவைத்து, துடைத்து, ஈரம் போக நன்றாக உலர்த்தியபிறகே தேனில் போட வேண்டும். ஜாடியிலும் கரண்டியிலும் சொட்டு ஈரம் கூடாது. மேல்மெழுகு மூடாத அறைகளிலிருந்து அவசரப்பட்டுப் பிழிந்த தேன் என்றால் எவ்வளவு உலர்த்தியும் பயனில்லை, அதிலேயே தண்ணீர் அதிகம். தேனீ தன் தேனைப் பக்குவமாக வற்றவைத்த பிறகுதான் அறையை மெழுகால் மூடும். அதற்குள் மனிதன் முந்திக்கொள்கிறான். உணவுப் பாதுகாப்பு விதிப்படி விற்பனைத் தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

★

பழத்தேன் மதுவுக்குத் தமிழில் ஒரு செய்முறை இருக்கிறது, எழுதியவர் கபிலர். குறிஞ்சிப்பாட்டில் ஒரு மலைச்சுனை வருகிறது. பாறையில் மிளகு உதிர்ந்து கிடக்கிறது. மேலே மாமரம், அதன் கனி சுனையில் விழுகிறது. விழுந்த வேகத்தில் வண்டுகள் கலைய, தேனும் வந்து சேர்கிறது. பக்கத்தில் பலா, பழுத்து வெடித்த சுளை நெகிழ்ந்து அதுவும் உள்ளே. எல்லாம் சேர்ந்து விளைந்து தேறலாகிவிடுகிறது. தண்ணீர் என்று நினைத்து அதைக் குடித்த மயில், திருவிழா ஊரில் கயிற்றின்மேல் நடக்கிற ஆட்டக்காரியைப் போலத் தள்ளாடுகிறது.

கற்பனைதானே என்று தள்ளிவிட முடியாது. தேனில் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது, ஆனால் ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. வெறும் தேனும் தண்ணீரும் மட்டும் என்றால் புளிப்பு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். பாதியில் நின்றும் போகும். பழம் சேர்ந்தால் அந்தச் சத்தும் வருகிறது, தோலில் ஒட்டிய காட்டு ஈஸ்ட்டும் வருகிறது. கபிலரின் சுனையில் இரண்டு பழங்கள்! மிளகு, மாம்பழம், பலா, தேன் நான்கும் இன்றைக்கும் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைப்பவை. மயிலுக்கும் குறைவில்லை, சேலத்தைச் சுற்றிச் சோளம் விதைக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள்.

★

மலைபடுகடாம் இன்னொரு வகை சொல்கிறது: மூங்கில் குழாயில் ஊற்றி விளையவைத்த தேன் கள். மரப்பீப்பாயில் வைத்துப் பதப்படுத்துவதை மேல்நாட்டார் பெரிதாகப் பேசும்போது இதையும் நினைவில் வைக்கலாம்.

★

1 கிலோ தேன் முழுவதும் புளித்தால் எவ்வளவு வாயு வரும்? சர்க்கரை சுமார் 800 கிராம். அதில் பாதிக்குச் சற்று மேல் ஆல்கஹால் ஆகும், மீதி கரியமில வாயு. அந்த வாயுவை வெளியே விட்டால் 200 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் நிறைய! அதைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து மூடியை இறுக்கினால் பாட்டில் என்ன செய்யும்? வெடிக்கும். அதனால்தான் உரிமம் பெற்றுச் செய்கிறவர்கள் வாயு வெளியே போகவும் காற்று உள்ளே வராமலும் இருக்கிற நீர்ப்பூட்டு வைத்த கலனில் புளிக்கவைக்கிறார்கள். உங்கள் தேன்நெல்லி நுரைத்துவிட்டதா? முதல் வேலை, மூடியைத் தளர்த்துவது.

★

போலந்தில் தேன் மதுவை விகிதம் பார்த்துப் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு தண்ணீர், ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று நான்கு வகை. தண்ணீர் குறையக் குறைய விலையும் காத்திருப்பும் கூடும். எத்தியோப்பியாவில் ‘தேஜ்’. அங்கே ‘கெஷோ’ என்ற செடியின் இலையையும் குச்சியையும் போட்டுக் கசப்பேற்றுகிறார்கள். இந்தியாவில் புனேயிலும் நாசிக்கிலும் உரிமம் பெற்ற தேன் மது ஆலைகள் நடக்கின்றன.

★

அப்படியானால் சேலத்தில் ஒருவர் ஆசைக்கு வீட்டில் செய்து பார்க்கலாமா? கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ‘வீட்டுக்குத்தான், விற்பதற்கு இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2020 ஊரடங்கில் டாஸ்மாக் மூடியிருந்தபோது குக்கரில் காய்ச்சிப் பிடிபட்டவர்களின் செய்தி தினமும் வந்தது நினைவிருக்கலாம்.

இந்தச் சட்டத்துக்கும் நம்ம மாவட்டத்துக்கும் உறவு நெருக்கம். இது 1937ஆம் ஆண்டுச் சட்டம். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கை முதன்முதலாக அமல்படுத்தத் தேர்ந்தெடுத்தது சேலம் மாவட்டத்தை. நாள் 1937 அக்டோபர் 1. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலத்துக்குள்தான். ராஜாஜி இங்கே வக்கீல் தொழில் செய்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தவர் கல்கி. சோதனையைச் சொந்த ஊரிலேயே நடத்திப் பார்த்தார் என்பதை மெச்சத்தான் வேண்டும். அடுத்தவன் ஊரில் செய்து பார்ப்பதுதான் அரசியல்வாதிகளின் வழக்கம்.

கள், சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு? 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார், இந்தியாவில் அதுதான் முதல். இன்றைக்கு மளிகைக் கடை பில்லின் அடியில் நிற்கிற ஜிஎஸ்டிக்கு அது தாத்தா முறை.

★

அதே மண்ணில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் நிலைமை வேறு. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் முதலில் வருவதே கள்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் முழுவதையும் ஔவைக்கே கொடுத்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால் அவர் குடித்துப் பாட, மீதியைத் தான் மகிழ்ந்து குடிப்பானாம். பாடத்தில் அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி மட்டும் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

★

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்களே, அது புளித்துப்போன சரக்கால் அல்ல. ஆலை உபயோகத்துக்கான மெத்தனால் கலந்ததால். தேனோ பழமோ புளிக்கும்போது பிறப்பது எத்தனால். பழத்தின் பெக்டினிலிருந்து மெத்தனால் பிறந்தாலும் மிகச் சொற்பம். அந்தச் சாவுகளுக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனை இன்னும் கடுமையாகியிருக்கிறது.

★

பழனி பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம் இருக்கிறது, தேன் இருக்கிறது, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு எல்லாம் இருக்கிறது. ஏன் பொங்குவதில்லை? ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தின் ஈரத்தையும் சர்க்கரையே கட்டிப்போட்டுவிடுகிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. அதை ஒரு குடம் தண்ணீரில் கரைத்து மூலையில் வைத்தால் என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

★

பதநீர் இறக்குகிறவர் பானைக்குள் சுண்ணாம்பு தடவுவதும் இதே சண்டைக்குத்தான். சுண்ணாம்பு புளிப்பை முறித்து, ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் தலையெடுக்க விடாது. தடவாத பானையில் சில மணி நேரத்திலேயே கள் தொடங்கிவிடும். தேன்நெல்லிக்கு இந்த வைத்தியம் ஆகாது, நாக்கு வெந்துபோகும்.

★

மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரத்தின் சிற்றிலைகள் இலைக்காம்போடு சேருமிடத்தில் தேன் சுரப்பிகள் உண்டு. தளிர் விடும் பருவத்தில் தேனீக்கள் அங்கேதான் மொய்க்கும். அந்தத் தேன் சீக்கிரம் உறையும். உறைந்த தேன் எல்லாம் சர்க்கரைப் பாகு கலந்தது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் கடைக்காரரிடம் ஒரு மன்னிப்புக் கேட்கலாம்.

★

பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கிறோம் என்று தேன் தொட்டு வைக்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. ஈஸ்ட்டைப் போலவே ‘குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்ற கிருமியின் வித்தும் தேனில் முடங்கிக் கிடக்கலாம். பெரியவர்கள் குடலில் பொதுவாக அது முளைக்காது; பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும், கைகால் துவண்டுபோகும். அடுப்பில் கொதிக்கவைத்தாலும் அந்த வித்து சாகாது. இதைச் சேனைக் கிண்ணத்தோடு வந்து நிற்கிற அப்பத்தாவிடம் எடுத்துச் சொல்வது யார் என்பதை வீட்டில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.