சர்வர் பிளானை மாத்துறதுக்கு முன்னாடி மெமரிக்கு ஒரு பட்ஜெட் போடுங்க!

வேலைக்குப் போய்க்கிட்டே சொந்தமா ஒரு வெப்சைட் நடத்துறவங்க இப்போ நிறைய பேர். பெரும்பாலும் வேர்ட்பிரஸ் மாதிரி டேட்டாபேஸை நம்பி ஓடுற சைட், 1 ஜி.பி. ரேம் உள்ள சின்ன சர்வர். கொஞ்சம் கூட்டம் வந்ததும் டேட்டாபேஸ் நின்னுபோகும், சைட் படுத்துடும். உடனே பலரும் பெரிய பிளானுக்கு மாறிடுறாங்க.

கொஞ்சம் பொறுங்க. மாசம் 500 ரூபாய் கூடுதல்னு வச்சுக்குவோம். 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா 590. வருஷத்துக்கு 7,080 ரூபாய். பில் டாலர்ல வந்தா, கரன்சி மாத்துறதுக்கு கார்டு கம்பெனி எடுக்கிற சார்ஜ் தனி. சைட்ல வருமானமே இல்லைன்னா இது முழுக்க உங்க சம்பளக் காசு.

சைட் ஏன் படுக்குது?

ரேமை மூணு பேர் பங்கு போடுறாங்க: லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், பிஹெச்பி. மூணு பேரும் சேர்ந்து இருக்கிறதைவிட அதிகமா கேட்டா, லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்தி மெமரியை மீட்கும். அதிகமா மெமரி பிடிச்சிருக்கிறவங்கதான் முதல்ல மாட்டுவாங்க. அது பெரும்பாலும் டேட்டாபேஸ்தான்.

பட்ஜெட் போடுவோம்

1 ஜி.பி.ன்னா 1,024 எம்.பி. இதுதான் நம்ம மாசச் சம்பளம். உதாரணத்துக்கு:

• லினக்ஸ், மத்த சின்னச் சின்ன வேலைகள்: 200
• மைஎஸ்க்யூஎல்: 350
• அவசர நிதி: 100
• பிஹெச்பிக்கு மிச்சம்: 374

ஒரு பிஹெச்பி புராசஸ் 50 எம்.பி. எடுத்தா, 374-ல் 7 புராசஸ்தான் ஓட முடியும். உங்க செட்டிங்ல 20-ன்னு இருந்தா? 1,000 எம்.பி. தேவைப்படும். சம்பளத்துக்கு மேல செலவு. கூட்டம் இல்லாத நாள்ல இது தெரியாது. கூட்டம் வர்ற அன்னைக்குத்தான் தெரியும்.

அதனால 'மேக்ஸ் சில்ட்ரன்' செட்டிங்கை 7-ன்னு வைங்க. எட்டாவது ஆள் சில நொடி வரிசையில நிப்பார். சைட்டே படுக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். உங்க சர்வர்ல ஒரு புராசஸ் நிஜமா எவ்வளவு எடுக்குதுன்னு அளந்துட்டு, இதே கணக்கை உங்க எண்ணுல போடுங்க.

அடுத்து மைஎஸ்க்யூஎல். 'பஃபர் பூல்' டீஃபால்ட்டா 128 எம்.பி. ரேம்ல 80% வரை கொடுக்கலாம்னு சொல்ற அறிவுரை, டேட்டாபேஸ் மட்டுமே ஓடுற சர்வருக்கு. நம்ம ஒண்டுக்குடித்தன சர்வருக்கு 128 போதும். 'மேக்ஸ் கனெக்ஷன்ஸ்' டீஃபால்ட்டா 151. 7 புராசஸுக்கு 20 தாராளம்.

ஸ்வாப் = கிரெடிட் கார்டு

ஸ்வாப்னா டிஸ்க்ல ஒரு பகுதியை மெமரி மாதிரி பயன்படுத்துறது. திடீர்னு வர்ற நெருக்கடிக்கு உதவும், அதனால கண்டிப்பா வைங்க. ஆனா தினமும் அதுலயே ஓடினா சைட் ஊர்ந்து போகும். டிஸ்க், ரேம் வேகத்துக்குக் கிட்டவே வராது.

அப்புறம் 'ஸ்லோ கொரி லாக்'கை ஆன் பண்ணுங்க. டீஃபால்ட்டா 10 நொடிக்கு மேல போறதைத்தான் அது பிடிக்கும். 1 நொடின்னு குறைங்க. சரியான இண்டெக்ஸ் ஒண்ணு போட்டாலே டேட்டாபேஸ் லட்சம் வரிசையைத் தேடுற வேலை மிச்சமாகும். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்து, வேற இடத்துல வைங்க.

வரி விஷயம்

சைட்ல வருமானம் வந்தா, சர்வர் வாடகையை அந்த வருமானத்துல செலவாகக் காட்டலாம். உத்தேச வருமானத் திட்டத்துல கணக்கு காட்டினா தனியாகக் கழிக்க முடியாது. முக்கியமா, பிசினஸ் நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க சட்டத்துல இடமில்லை. ரிட்டர்னை கெடுவுக்குள்ள தாக்கல் பண்ணினா, அடுத்த 8 வருஷம் வரை பிசினஸ் வருமானத்துல ஈடுகட்டலாம். "டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு நினைச்சு பெரிய பிளான் வாங்காதீங்க.

எப்போ மாறலாம்?

இவ்வளவும் செஞ்ச பிறகும் தினமும் ஸ்வாப் ஓடிக்கிட்டே இருந்தா, வரிசையில நிக்கிறவங்க குறையவே இல்லைன்னா, தாராளமா மாறுங்க. அப்போ அந்த 7,080 ரூபாய் தெரிஞ்சு செய்ற முதலீடு. கணக்குப் போடாம மாறினா, அதே பழைய செட்டிங் 2 ஜி.பி.யையும் ஒருநாள் தின்னுடும். சம்பளம் ஏறியும் மாசக் கடைசியில கையில காசு நிக்காத கதைதான் அது.