வாயு என்று சோடா கொடுத்தேன்!

என் அக்கா மகனுக்கு 24 வயது. ஆறடி இரண்டங்குலம். ஒல்லி உடம்பு, நீள நீளமான விரல்கள், சின்ன வயசிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி. "தாத்தா ஜாடை" என்று வீட்டில் ஏகப் பெருமை. அந்தத் தாத்தா நாற்பது வயசில் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக் கொண்டு போனவர் என்பதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவன், ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும், "சித்தி, முதுகைக் கிழிக்குது!" என்று சுருண்டு உட்கார்ந்து விட்டான். வாயுதான் என்று சோடா கொடுத்தேன். இன்று நினைத்தாலும் பகீரென்கிறது. பக்கத்து நர்ஸிங் ஹோமில் ஈ.ஸி.ஜி. எடுத்து, "ஹார்ட் நல்லாயிருக்கு" என்று ஊசி போட்டு அனுப்பி விட்டார்கள். வலி விடவில்லை. விடியற்காலை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் முதலில் பார்த்தது அவன் விரல்களை! இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்தார்; வித்தியாசம் இருந்தது. உடனே ஸி.டி. ஸ்கேன்.

இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவர் மூன்று அடுக்காம். உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிரித்துக் கொண்டே போகும். லைனிங் வைத்த ரவிக்கையில் லைனிங் மட்டும் பிய்ந்த மாதிரி. 'மார்ஃபன்' என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தச் சுவரே பலவீனம். இதயத்தை ஒட்டிக் கிழிந்தால் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து கூடும். மருந்து மட்டும் போதாது.

ஏழு மணி நேர ஆபரேஷன். ஹார்ட்-லங் மெஷினில் போட்டு, கிழிந்த பாகத்தை எடுத்துவிட்டு, செயற்கை வால்வு பொருத்திய டாக்ரான் குழாயைத் தைத்தார்கள். லண்டன் சர்ஜன் பென்டால் 1968-ல் வெளியிட்ட முறை இது. டாக்ரான் என்றால் வேறொன்றுமில்லை, நாம் கட்டுகிற பாலியெஸ்டர்தான்!

பையன் பிழைத்தான். அப்புறம்தான் வீட்டில் சண்டை. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வர வாய்ப்பாம். அதனால் தங்கையையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. வெளியே தெரிஞ்சா யார் வருவா?" என்று அக்காவின் மாமியார் ஒரேயடியாக மறுத்தார்.

டாக்டர் ஃப்ளோ ஹைமன் கதையைச் சொன்னார். அமெரிக்க வாலிபால் வீராங்கனை, 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர், ஆறடி ஐந்தங்குலம். 1986-ல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்தவர் சரிந்து விழுந்து இறந்தார். மார்ஃபன் என்று பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவருடைய சகோதரரைச் சோதித்தார்கள். அவருக்கும் இருந்தது, ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள்.

பாட்டி வாயடைத்துப் போனார்.

எக்கோ எடுத்ததில் அத்தானுக்கும் இருந்தது, பெண்ணுக்கும் இருந்தது. அவளுக்குத் தமனி லேசாகத்தான் விரிந்திருக்கிறது. தினம் மாத்திரை, கனம் தூக்கக் கூடாது, தவறாமல் எக்கோ. கர்ப்ப காலத்தில் கிழியும் அபாயம் கூடுதல் என்பதால் டாக்டரைக் கேட்காமல் குழந்தை பற்றி யோசிக்கவே கூடாது.

அக்கா எதையும் மறைக்கவில்லை. இரண்டு வரன் தட்டிப் போயிற்று. மூன்றாவதாக வந்த பையனின் அம்மா எக்கோ ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, "அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப நானும் வரட்டுமா?" என்றார்.