பிரிக்கவும் சேர்க்கவும் ஒரே கலம்

வடபழனியில் படப்பிடிப்பு நடக்கும் தெருவில் ஜெனரேட்டர் வேன் உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசல் புகையோ இரைச்சலோ இல்லாமல் மின்சாரம் தரக்கூடியது எரிபொருள் கலம். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதற்குள் சேர்ந்தால் மின்சாரம் பிறக்கும்; கூடவே தண்ணீரும் வெப்பமும் வரும். இத்தகைய கலங்களை ஆராயும் ஏஆர்சிஐ நிறுவனத்தின் மையம் தரமணி ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில்தான் இருக்கிறது.

இதைத் திருப்பி ஓட்ட முடியுமா? முடியும். மின்சாரம் செலுத்தினால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். இரண்டு வேலையையும் ஒன்றே செய்தால் அது இருவழி எரிபொருள் கலம்.

ஏட்டுக் கணக்கில் போகவும் வரவும் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் தண்ணீரைப் பிரிக்கச் சுமார் 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும். திரும்பக் கிடைப்பது 0.65 வோல்ட் அளவில்தான். 100 யூனிட் மின்சாரத்தை ஹைட்ரஜனாகச் சேமித்தால், திரும்பக் கைக்கு வருவது 35 யூனிட்டுக்குப் பக்கம். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் ஆய்வாளர்கள் பாடுபடுகிறார்கள்.

முதல் வேலை கணினியில் நடக்கிறது. தண்ணீர், வாயு, வெப்பம் மூன்றும் கலத்துக்குள் எப்படி ஓடும் என்பதைச் சமன்பாடுகளாக்கி மாதிரி அமைக்கிறார்கள். தண்ணீரைப் பிரிக்கும்போது நடுவிலுள்ள சவ்வுக்குத் தண்ணீர் குறையக் கூடாது. மின்சாரம் எடுக்கும்போதோ அதே தண்ணீர் தேங்கினால் வாயுவின் வழி அடைபடும். ஆக்சிஜன் பக்கம் கார்பன் வைத்தால் உயர் மின்னழுத்தத்தில் அது அரிக்கப்பட்டுவிடும்; அதனால் டைட்டானியம் தேவை. வினையூக்கியாகப் பிளாட்டினத்தோடு இரிடியமும் வேண்டும். விலை கூடுவது இங்கேதான்.

அடுத்தது சோதனை மேசை. மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வோல்ட்டைக் குறித்து, கணினி சொன்ன கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். கோடு விலகினால் மாதிரியைத் திருத்த வேண்டும். பிறகு வழியை மாற்றி மாற்றிப் பல நூறு மணி நேரம் ஓட்டி, கலம் எவ்வளவு தேய்கிறது என்று பார்க்கிறார்கள்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை திறக்கப்பட்டது. அந்த ஹைட்ரஜன், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங் நிலையத்துக்கும் மின்சாரமாக வேண்டும் என்பது திட்டம். இருவழிக் கலம் கைகூடினால், ஹைட்ரஜன் தயாரிக்க ஒன்று, மின்சாரம் எடுக்க ஒன்று என்று இரண்டு இயந்திரம் வாங்க வேண்டியதில்லை.

ஓரிரவுச் சேமிப்புக்கு பேட்டரியே சிக்கனம். ஆனால் முப்பந்தல் காற்றாலைகள் ஆடிக் காற்றில் தரும் மின்சாரத்தை மார்கழி வரை வைத்திருக்க ஹைட்ரஜன் போன்ற ஒன்று வேண்டும். அதற்காகச் சோதனை மேசையில் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் தமிழ்நாட்டுக்கு லாபக் கணக்கே.