சாவதற்குள் அறுத்துவிடலாமா? ஆந்த்ராக்ஸ் நோய் பற்றி அறிவோம்

நேற்றுவரை நன்றாக மேய்ந்த மாடு இன்று கடும் காய்ச்சலில் தள்ளாடுகிறது. "செத்தால் ஹராமாகிவிடும், அதற்குள் அறுத்துவிடலாம்" என்று அவசரப்படுபவர்கள் நம்மில் உண்டு. மாட்டுக்கு வந்திருப்பது ஆந்த்ராக்ஸாக இருந்தால், அறுப்பவர், தோலுரிப்பவர், கறியைக் கழுவுபவர், உண்பவர் அனைவருக்கும் ஆபத்து.

கிராமங்களில் அடைப்பான் என்று சொல்லப்படும் இந்நோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. உடலிலிருந்து வெளியேறும் ரத்தம் காற்றில் பட்டதும், அதிலுள்ள கிருமி கெட்டியான உறைக்குள் அடங்கிக்கொண்டு பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். 1942இல் பிரிட்டன் இக்கிருமியைச் சோதித்த ஸ்காட்லாந்துத் தீவு ஒன்று, 1990இல்தான் பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது. சமைத்தால் கிருமி செத்துவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது.

மனிதருக்கு இது பெரும்பாலும் தோல் வழியாகவே வருகிறது. கையில் உள்ள சிறு கீறல் போதும். சில நாட்களில் அரிப்புடன் கொப்புளம் வந்து, பிறகு நடுவில் கரிபோலக் கறுத்த புண்ணாகும். வலி இராது, அதனால் அலட்சியம் செய்துவிடுகிறோம். கறியை உண்டதால் வந்தால் வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தபேதி ஏற்படும். கிருமியைச் சுவாசித்தால் நுரையீரல் பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில், செத்த மாட்டை அறுத்து உண்ட ஏழை மக்களிடையே இந்நோய் மீண்டும் மீண்டும் தோன்றியிருக்கிறது.

இதற்கு மருந்து உண்டு. தோலில் வரும் நோய், சிகிச்சை இல்லாவிட்டால் நூறில் இருபது பேர்வரை உயிரைப் பறிக்கலாம். உரிய ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடக்கத்திலேயே எடுத்தால் ஏறக்குறைய அனைவரும் பிழைக்கிறார்கள். மருத்துவரிடம் செல்லும்போது, "நோயுற்ற ஆட்டை அறுத்தேன்", "பச்சைத் தோலைக் கையாண்டேன்" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை:

* திடீரென இறந்த கால்நடையின் மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத ரத்தம் கசிந்தால், அதை அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். நாய்களை அண்டவிடாமல், கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் சொல்படி ஆழமாகப் புதையுங்கள்.
* நோய் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடச் செய்யுங்கள். நம் ராணிப்பேட்டையில் உள்ள அரசு நிலையத்திலேயே அது தயாராகிறது.
* மலிவாகக் கிடைக்கிறதென்று, எங்கே அறுத்தது என்று தெரியாத கறியை வாங்காதீர்கள்.

தானாகச் செத்ததை மார்க்கம் நமக்குத் தடுத்திருக்கிறது. வெளிப்படையான நோயுள்ள பிராணி குர்பானிக்கும் ஆகாது. ஒரு மாட்டின் விலை போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த நஷ்டத்துக்கு அஞ்சி, அண்டை வீட்டாருக்கும் சேர்த்து நோயைப் பங்கிட்டுவிட வேண்டாம்.