மதுரையா, சிதம்பரமா?

பரவை டீக்கடையில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் கல்யாணத் தரகர் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. "இப்பதைக்கு ஒரு எடம் கைவசம் இருக்குண்ணே. இந்தச் சாதகமும் இருக்கட்டும், கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள் பெண் வீட்டார். சம்மதம் என்றும் சொல்லமாட்டார்கள், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்கள். பிடி கொடுக்காமல் பேசுகிறார்களே என்று மாப்பிள்ளை வீட்டில் மனம் சங்கடப்படும். ஆனால் அந்தச் 'சொல்றோம்' என்ற ஒற்றைச் சொல்லில் ஓர் அழகான கணிதத் தேற்றம் ஒளிந்திருக்கிறது. 2012-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அதற்குத்தான் போனது.

கணக்குக்குப் போகுமுன் இரண்டு படங்கள். 'ஹலோ, டாலி!' 1964 ஜனவரி 16 அன்று நியூயார்க்கின் பிராட்வே மேடையில் பாட்டு நாடகமாக அரங்கேறியது. 1969-ல் ஜீன் கெல்லி இயக்கத்தில், பார்பரா ஸ்ட்ரைசண்ட் நடிக்க ஹாலிவுட் படமாக வந்தது. கதாநாயகி டாலி கணவனை இழந்தவள். வரன் பார்த்து முடித்துவைப்பதே அவள் பிழைப்பு. அவளிடம் பெண் தேடச் சொல்பவர் யாங்கர்ஸ் ஊரில் வைக்கோலும் தீவனமும் விற்கும் பணக்கார வியாபாரி. காய்கறிச் சந்தையும் மண்டியுமாக வாழும் பரவைக்காரர்களுக்கு அந்த மனிதரின் கணக்குப் புத்தி உடனே பிடிபட்டுவிடும்.

அந்த நாடகம் மேடையேறிச் சரியாக ஆறு வாரம் கழித்து, 1964 பிப்ரவரி 27 அன்று, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெளியானது. இங்கே டி. எஸ். பாலையா எஸ்டேட் முதலாளி. பெண்களுக்குப் பணக்கார வரன் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பெண்களின் மனதிலோ வேறு ஆட்கள். அதனால் ரவிச்சந்திரன் பணக்காரர் வீட்டுப் பிள்ளையாக வருகிறார், அவருக்குத் தகப்பனாக முத்துராமன் கிழவர் வேடம் கட்டுகிறார். நடுவில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

இரண்டு படத்துக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. யாருக்கு யார் என்று எப்படிச் சேர்த்தால் அந்தச் சேர்க்கை குலையாமல் நிற்கும்?

குலைவது என்றால் என்ன? ஊரில் பத்துக் கல்யாணம் முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுப் பையனுக்குத் தன் மனைவியைவிட வேறொரு வீட்டுப் பெண்ணை அதிகம் பிடித்திருக்கிறது. அவளுக்கும் தன் கணவனைவிட இவன்மேல்தான் விருப்பம். இந்த ஒரு சோடி போதும், ஏற்பாடு முழுவதும் ஆட்டம் காண. கணிதக்காரர்கள் இதற்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குச் சங்க காலத்திலிருந்தே பெயர் இருக்கிறது: உடன்போக்கு. வீட்டார் போட்ட வரிசை வேறு, இருவர் மனதில் இருந்த வரிசை வேறு என்பதால்தான் தலைவி தலைவனோடு பாலை வழியில் நடந்தாள், செவிலித்தாய் தேடிக்கொண்டு பின்னால் போனாள்.

அப்படியானால் உடன்போக்குக்கு இடமே இல்லாதபடி ஓர் ஊரின் எல்லாக் கல்யாணத்தையும் முடிக்க முடியுமா? பத்துப் பையன், பத்துப் பெண் என்றாலே சோடி சேர்க்க 36,28,800 வழி. அவற்றில் குலையாத ஒன்று கட்டாயம் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் 1962 ஜனவரியில் ஒரு சின்னக் கட்டுரையில் இதற்கு விடை சொன்னார்கள். நிரூபணத்தை ஏறக்குறைய வெறும் பேச்சு நடையிலேயே எழுதியிருந்தார்கள். வழி இதுதான். ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பில் உள்ளவர்களைத் தம் விருப்பப்படி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். முதல் நாள், எல்லாப் பையன்களும் தங்கள் வரிசையில் முதலில் உள்ள பெண்ணைக் கேட்கிறார்கள். பல பேர் கேட்ட பெண் அவர்களில் தனக்கு அதிகம் பிடித்தவனை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறாள். வைத்துக்கொண்டவனுக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, "சொல்றோம்" என்கிறாள். திரும்பியவர்கள் மறுநாள் தங்கள் வரிசையில் அடுத்தவளைக் கேட்கிறார்கள். அவளிடம் ஏற்கெனவே ஒருவன் கைவசம் இருந்தாலும் பரவாயில்லை. புதிதாக வந்தவன் மேல் என்று பட்டால் பழையவனை விட்டுவிடலாம். திருப்பி அனுப்ப யாரும் இல்லாத நாளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பூ வைத்து, பரிசம் போட்டுவிடலாம்.

பத்துச் சோடிக்கு அதிகபட்சம் 82 சுற்றுதான் ஆகும். நாளைக்கு ஒரு சுற்று வைத்தாலும் மூன்று மாதத்துக்குள் ஊர்க் கல்யாணம் முடிந்தது. பத்துப் பொருத்தத்தில் ரச்சு தட்டுகிறது, வேண்டாம் என்றால் அந்தப் பெயரை வரிசையிலிருந்து அடித்துவிட்டு மேலே போகலாம். அப்போது ஒன்றிரண்டு பேருக்கு அமையாமல் போகலாம், அமைந்தது குலையாது.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்வது? இந்த இடம்தான் என்னைத் திரும்பத் திரும்ப வியக்க வைக்கிறது. ஒருவன் தன் மனைவியைவிட இன்னொருத்தியை விரும்புகிறான் என்றால், அவள் இவன் வரிசையில் மேலே இருந்தவள். ஆகவே முன்பே அவளைப் போய்க் கேட்டிருப்பான். அவள் அனுப்பிவிட்டாள் என்றால் அவள் கையில் இவனைவிடப் பிடித்தவன் இருந்தான் என்று பொருள். கைவசம் இருக்கும் இடத்தை அவள் மாற்றினாலும் மேலானதற்குத்தான் மாற்றுவாள், கீழானதற்கு மாற்றமாட்டாள். அதனால் கடைசியில் அவளுக்கு அமைந்தவன் அவள் கண்ணுக்கு இவனைவிட நிச்சயம் மேல். இவன் கூப்பிட்டாலும் அவள் வரமாட்டாள். தேற்றம் முடிந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இனிதான் நம் ஊர்ச் சங்கதி. ஒரு வீட்டில் யார் சொல் எடுபடும் என்று கேட்க, "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்போம். மதுரை என்றால் மீனாட்சி ஆட்சி. கணக்கிலும் இந்தக் கேள்வி உயிர்நாடியானது.

மூன்று பையன்: பரவை, விளாங்குடி, சமயநல்லூர். மூன்று பெண்: டீச்சர், நர்ஸ், தையல்கடைக்காரர். பரவைப் பையனின் வரிசை டீச்சர், நர்ஸ், தையல்கடை. விளாங்குடிக்காரனுக்கு நர்ஸ், தையல்கடை, டீச்சர். சமயநல்லூர்க்காரனுக்குத் தையல்கடை, டீச்சர், நர்ஸ். பெண்கள் பக்கம்: டீச்சருக்கு விளாங்குடி, சமயநல்லூர், பரவை. நர்ஸுக்குச் சமயநல்லூர், பரவை, விளாங்குடி. தையல்கடைக்காரருக்குப் பரவை, விளாங்குடி, சமயநல்லூர்.

பையன்கள் கேட்டால் ஒரே சுற்றில் முடிந்துவிடும். மூவருக்கும் முதல் விருப்பமே அமைகிறது, மூன்று பெண்களுக்கும் கடைசி விருப்பம். பெண்கள் கேட்கட்டும் என்று மாற்றிப் பாருங்கள். பெண்களுக்கு முதல் விருப்பம், பையன்களுக்குக் கடைசி. இரண்டு ஏற்பாடும் குலையாதவைதான். இன்னொன்றும் இருக்கிறது: பரவைக்கு நர்ஸ், விளாங்குடிக்குத் தையல்கடை, சமயநல்லூருக்கு டீச்சர். ஆறு பேருக்குமே இரண்டாம் விருப்பம், இதுவும் குலையாது. காகிதத்தில் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளலாம். எத்தனை ஆயிரம் பேர் ஆனாலும் விதி மாறாது. குலையாத ஏற்பாடுகளில் தமக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்ததைக் கேட்கும் தரப்பு பெறுகிறது. காத்திருந்து பதில் சொல்லும் தரப்புக்கு அவற்றில் ஆகக் கடைசியானதே வருகிறது. திண்ணையில் உட்கார்ந்து யார் வருவார் என்று பார்த்திருப்பது கௌரவமாகத் தோன்றலாம். கணக்கு எழுந்து போய்க் கேட்டவரின் பக்கம் நிற்கிறது.

இந்த முறை கல்யாணக் கணக்காக எழுதப்படுமுன்பே உலகில் வேறு இடத்தில் புழங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் மருத்துவம் முடித்தவர்களை மருத்துவமனைகளில் பயிற்சிக்குச் சேர்க்க 1950-களின் தொடக்கத்திலிருந்து ஒரு முறை இருந்தது. அதுவும் கேல், ஷாப்லியின் வழியும் ஒன்றே என்று 1984-ல் ஆல்வின் ராத் காட்டினார். அங்கே கேட்கும் இடத்தில் இருந்தவை மருத்துவமனைகள். மாணவர்கள் குரல் எழுப்பினார்கள். ராத் புதிதாக வடிவமைத்துத் தர, 1998-லிருந்து மாணவர் கேட்கும் முறை வந்தது. மாற்றிப் பார்த்தபோது மிகச் சிலருக்குத்தான் இடம் மாறியது. எல்லாருடைய வரிசையும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும்போது குலையாத ஏற்பாடுகள் அருகி, ஒன்றிரண்டே மிஞ்சும். 2012-ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் நோபல் கிடைத்தது. கேல் 2008-லேயே இறந்துவிட்டார் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை 2015 முதல் இந்த வழியில்தான் சேர்த்துப் பங்கிடுகிறார்கள். நம் பொறியியல் கவுன்சலிங் இதன் எளிய வடிவம். அங்கே கல்லூரிகளின் விருப்ப வரிசை எல்லாம் ஒன்றேதான், தரவரிசைப் பட்டியல். இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே கிடைத்தால் மாறிக்கொள்கிறேன் என்று மாணவர் குறிக்கும் வசதியும் உண்டு. டீக்கடையில் கேட்ட "கைவசம் இருக்கட்டும்" அதேதான்.

இன்னொரு தேற்றமும் பின்னால் வந்தது. இந்த முறையில் கேட்கும் தரப்பு தன் உண்மையான வரிசையை மறைத்து எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. காத்திருக்கும் தரப்புக்கோ மறைத்தால் சில நேரம் லாபம் உண்டு.

ஆகவே கவுன்சலிங் நாட்களில் பரவை இ-சேவை மையத்தில் மகளை உட்காரவைத்துக்கொண்டு, "கெடைக்காத காலேசை எதுக்குத்தா மேல போடுற, ஒரு சாய்ஸ் வீணாப் போகும்ல" என்று பதறும் தகப்பனாருக்கு விடை இருக்கிறது. மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதில் அவள் உரிமை ஒரு இம்மியும் குறையாது. இங்கே கேட்கிறவள் அவள். மனசில் முதலாக இருப்பதை முதலாகவே எழுதட்டும்.