பென்சுக்கும் அதே சான்றிதழ்தான்

சிங்கப்பூரில் இந்தச் சுற்று சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) ஏலம் புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடிகிறது. வாசகர் கடிதங்களில் மீண்டும் மீண்டும் வரும் கேள்வி: ‘ஏ பிரிவு சாதாரணக் கார்களுக்கு என்றார்களே, பென்சும் பிஎம்டபிள்யூவும் எப்படி நுழைந்தன?’

‘சாதாரணக் கார்’ என்பதெல்லாம் அதிகாரிகள் பேச்சில் வருவது. விதிக்குத் தெரிந்தது இயந்திரக் கணக்கு ஒன்றே. முதலில் 1,600 சிசி வரம்பு மட்டும் இருந்தது. சிறிய டர்போ இயந்திரத்தோடு ஐரோப்பிய கார்கள் உள்ளே வந்துவிட்டன. 2014 பிப்ரவரியில் 97 கிலோவாட் வரம்பும் சேர்ந்தது. மின்சாரக் கார்களுக்கு 2022 மே முதல் 110 கிலோவாட். 2024இல் டெஸ்லா மிகச் சரியாக 110 கிலோவாட்டில் ஒரு மாடல் 3 காரை இங்கே இறக்கியது. திறனைத்தான் குறைத்தார்கள். முன்னால் இருக்கும் சின்னம் அப்படியே இருக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது கூட்டல் கணக்கு. ஒரு பிரிவில் வென்றவர் அனைவரும் கட்டுவது ஒரே தொகை. 2023 அக்டோபரில் ஏ பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. சிஓஇ நீங்கலாக ஜப்பானியக் கார் 60,000, ஜெர்மானியக் கார் 120,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது இரு மடங்கு விலை. இரண்டின் மேலும் 106,000 ஏற்றினால் 166,000, 226,000. இப்போது ஜெர்மானியக் கார் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடுதல். இடைவெளி அதே 60,000 வெள்ளிதான். ஆனால் ‘இவ்வளவு கொட்டிவிட்டு டொயோட்டாவா?’ என்று வீட்டில் பேச்சு கிளம்ப இது போதும். ஏலம் ஏற ஏற, வசதி குறைந்தவருக்குக் காரே எட்டாமல் போகிறது. எட்டியவருக்கோ சொகுசுப் பெயர் கிட்டத்தில் வருகிறது. (ஆங்கில ‘சி’ எழுத்தில் தொடங்கும் ஐந்தை அடைய வேண்டும் என்ற சிங்கப்பூரரின் அந்தக் காலத்துக் கனவில் வெறும் ‘கார்’ என்றுதான் இருந்தது.)

பணக்காரர் கூடுதலாகக் கட்டுகிறார் என்பது அரசு தரப்பு வாதம். கூடுதல் பதிவுக் கட்டணத்தின் உச்சத் தட்டு 2023 முதல் 320 விழுக்காடு, உண்மைதான். அது காரின் இறக்குமதி மதிப்பில் 80,000 வெள்ளியைத் தாண்டும் பகுதிக்கு மட்டுமே. ஏ பிரிவுக் கார்கள் பெரும்பாலும் அந்த உயரத்துக்குப் போவதில்லை.

வாசகர்களின் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக: நானே ஏலம் கேட்கலாமா? கேட்கலாம், வழக்கமாக விற்பனையாளரே கேட்கிறார்.

கேட்ட தொகை முழுவதும் கட்டவேண்டுமா? வேண்டாம், தோற்றவர்களில் அதிகம் கேட்டவரைவிட ஒரு வெள்ளி கூடுதல்.

தோற்றால் வைப்புத்தொகை? திரும்ப வரும்.