கோழிக்குஞ்சுகளைக் குறிவைக்கும் கீரி, மரநாய்... கூட்டைப் பாதுகாப்பது எப்படி?

காலையில் தாய்க்கோழியோடு பத்துக் குஞ்சுகள் மேயும். மதியம் எண்ணினால் ஆறுதான் இருக்கும். வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் பலருக்கும் பழகிப்போன இழப்பு இது. 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள், வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுக் காசு. அதைக் காப்பாற்ற, முதலில் வருவது யார் என்று தெரிய வேண்டும்.

யார் அந்தத் திருடன்?

கீரி பகலில் வேட்டையாடும். எனவே, பகலில் குஞ்சு மாயமானால் கீரி, பருந்து, காகம் மீது சந்தேகப்படலாம். இரவில் கூட்டுக்குள் புகுந்து கோழியைக் கடித்திருந்தால் மரநாய், காட்டுப்பூனை அல்லது தெருநாயாக இருக்கலாம். மரநாய் மரமேறி, கூரை வழியாகவும் இறங்கும். ஓடுகூட இல்லாமல் முட்டை மறைந்தால், பாம்பு வந்திருக்கலாம்.

கூட்டில் என்ன செய்யலாம்?

* மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். வேட்டை விலங்கைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பிவலையே பாதுகாப்பு.

* கீரி மண்ணைத் தோண்டும். வலையை ஓர் அடி ஆழத்துக்குப் புதையுங்கள்.

* பொழுது சாய்வதற்குள் கோழிகளை அடைத்து, கதவை இறுகத் தாழிடுங்கள்.

* மீந்த தீவனம் எலியை இழுக்கும். எலி பாம்பையும் கீரியையும் இழுக்கும். இரவில் தீவனத்தை எடுத்துவிடுங்கள். கூட்டைச் சுற்றிப் புதர் வேண்டாம்.

* சின்னக் குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல் வையுங்கள்.

விஷம் வைக்காதீர்கள்!

ஆத்திரத்தில் விஷம் வைத்தால், வீட்டு நாயும் மயிலும்கூடச் சாகும். கீரியும் மரநாயும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கொல்வதும் பிடிப்பதும் குற்றம். தொல்லை தொடர்ந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கூட்டுக்குள் சிக்கிய விலங்கை வெறும் கையால் பிடிக்க வேண்டாம். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேவைப்படும்.

வயலில் எலியையும் பாம்பையும் பிடிப்பது இதே கீரிதான். அது ஊரில் இருக்கட்டும். கூட்டுக்குள் வராமல் இருந்தால் போதும். இன்று மாலை கோழிகளை அடைக்கும்போது கூட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். இரண்டு விரல் நுழையும் சந்து எங்கே தெரிந்தாலும், இருட்டுவதற்குள் அடைத்துவிடுங்கள்.